மோட்டார் கிடையாது, காத்துதான் எல்லாம்! ரிமோட் பாய்மரப் படகுப் பந்தயம் எப்படி நடக்குது? வடசென்னைக்கு இது ஏன் முக்கியம்?

வியாசர்பாடியிலிருந்து சென்னைத் துறைமுகம் நான்கைந்து கிலோமீட்டர்தான். துறைமுகத்துக்கு உள்ளேயே நூறு வருஷத்துக்கும் மேலாக பாய்மரப் படகுப் பந்தயம் நடந்து வருகிறது. ஆனா, வியாசர்பாடியில் இருக்கும் ஒரு பள்ளி மாணவரிடம் "பாய்மரப் படகு ஓட்டியிருக்கியா?"ன்னு கேட்டா, பெரும்பாலும் "இல்லை" என்ற பதில்தான் வரும்.

கடல் பக்கத்தில்தான் இருக்கு. படகுதான் எட்டாத தூரத்தில் இருக்கு.

இந்தத் தூரத்தைக் குறைக்க உலகின் பல ஊர்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள குட்டிப் பாய்மரப் படகு, கையில் ஒரு ரிமோட், ஊருக்குள் ஒரு குளம், வார விடுமுறையில் கூடும் ஒரு கிளப். குளிர்காலத்திலும் விடாமல் நடக்கும் இந்தப் பந்தயம் எப்படி நடக்கிறது? இதில் என்ன கற்றுக்கொள்ளலாம்? வடசென்னையில் இதற்கு என்ன தேவை? விரிவாகப் பார்க்கலாம்.

இது பொம்மைப் படகா?

பார்க்க பொம்மை மாதிரி இருக்கும். ஆனா, கடையில் விற்கும் ரிமோட் படகுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு.

கடைப் படகில் மோட்டாரும், தண்ணீரைத் தள்ளும் விசிறியும் இருக்கும். பட்டனை அழுத்தினால் ஓடும். பாய்மரப் படகில் அதெல்லாம் கிடையாது. படகை நகர்த்துவது காற்று மட்டும்தான். காற்று நின்னா படகும் நின்னுடும். எவ்வளவு விலை உயர்ந்த ரிமோட் வைத்திருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

'ஸ்டூவர்ட் லிட்டில்' படம் பார்த்திருக்கீங்களா? 1999இல் வந்த அந்தப் படத்தில், நியூயார்க் சென்ட்ரல் பார்க் குளத்தில் எலிக்குட்டி ஸ்டூவர்ட் ஒரு குட்டிப் பாய்மரப் படகை ஓட்டிச் செல்லும். அந்தக் குளம் நிஜமாகவே இருக்கிறது. அங்கே இன்றும் ரிமோட் பாய்மரப் படகுகள் ஓடுகின்றன. வருபவர்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கவும் முடியும்.

சரி, அப்போ ரிமோட் எதுக்கு?

ரிமோட்டில் இரண்டே இரண்டு வேலைகள்தான்.

ஒன்று, படகின் பின்பக்கம் இருக்கும் சுக்கானைத் திருப்புவது. படகு இடமா வலமா என்பதை இது முடிவு செய்யும்.

இரண்டு, பாயைக் கட்டியிருக்கும் கயிற்றை இழுப்பது, தளர்த்துவது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கு ஏற்றபடி பாயை வைத்தால்தான் வேகம் கிடைக்கும்.

இந்த இரண்டு வேலைகளையும் செய்ய, படகுக்குள் 'சர்வோ' எனப்படும் இரண்டு சின்ன மோட்டார்கள் இருக்கும். இவை படகை ஓட்டாது. கயிற்றையும் சுக்கானையும் அசைக்கும். அவ்வளவுதான். பெரிய படகில் மனிதனின் இரண்டு கைகள் செய்யும் வேலையை இங்கே சர்வோ செய்கிறது.

இப்போதைய ரிமோட்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. நம்ம வீட்டு வைஃபையும் இதே அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு ரிமோட்டும் தன் படகோடு மட்டும் பேசும் என்பதால், இருபது பேர் ஒரே நேரத்தில் ஓட்டினாலும் குழப்பம் வராது. ஒரே ஒரு சிக்கல், இந்த அலை தண்ணீருக்குள் போகாது. அதனால் படகில் ஆன்டெனாவை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைப்பார்கள்.

காத்துக்கு எதிரே படகு எப்படிப் போகும்?

புதுசாப் பார்க்கிற எல்லாருக்கும் வரும் சந்தேகம் இது. காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு முன்னால் போகும், அது புரியுது. காற்று வரும் திசையை நோக்கியே போக முடியுமா?

நேராகப் போக முடியாது. காற்று வரும் திசைக்கு இரண்டு பக்கமும் சுமார் 45 டிகிரி வரை படகால் ஓட முடியாத பகுதி. அதற்குள் நுழைந்தால் பாய் படபடவென அடிக்கும், படகு நின்றுவிடும்.

ஆனா, சாய்வாகப் போக முடியும். கொஞ்ச தூரம் இடது சாய்வில் போய், திரும்பி, கொஞ்ச தூரம் வலது சாய்வில் போக வேண்டும். இப்படி வளைஞ்சு வளைஞ்சு ஏறினால் காற்று வரும் இடத்துக்கே போய்ச் சேரலாம். மலைப்பாதையில் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது மாதிரி.

இது எப்படிச் சாத்தியமாகிறது? பாயின் வளைவு, பறவையின் இறக்கை மாதிரி காற்றைத் திருப்பிவிடுகிறது. அந்த விசை படகை முன்னாலும் தள்ளும், பக்கவாட்டிலும் தள்ளும். பக்கவாட்டில் போகவிடாமல் தடுப்பது, படகுக்கு அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு. ஈர சோப்பைக் கையில் இறுக்கிப் பிடித்தால் முன்பக்கமாக வழுக்கிப் போகுமே, அந்த மாதிரி படகு முன்னால் நழுவுகிறது.

அந்தத் தகட்டின் நுனியில் ஈயக் குண்டு ஒன்று இருக்கும். படகு எவ்வளவு சாய்ந்தாலும் இந்த எடை அதை மறுபடியும் நிமிர்த்திவிடும்.

என்னென்ன வகைப் படகுகள் இருக்கு?

* இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்: 1988இல் உருவான வகை. உலக அளவில் அதிகம் பேர் போட்டியிடும் வகைகளில் ஒன்று. நீளம் அதிகபட்சம் 1 மீட்டர். எடை 4 கிலோவுக்குக் குறையக் கூடாது. காற்றின் வேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள, பெரியது, நடுத்தரம், சின்னது என மூன்று செட் பாய்கள் அனுமதி. செலவு எகிறிவிடக் கூடாது என்பதற்காக, படகின் உடலில் கார்பன் ஃபைபர் பயன்படுத்த விதி அனுமதிப்பதில்லை.

* மார்பிள்ஹெட்: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள மார்பிள்ஹெட் ஊரின் பெயரில் 1930இல் வந்தது. நீளம் 50 அங்குலம். ரேடியோ வருவதற்கு முன்பே பிறந்த வகை இது.

* டிராகன்ஃபோர்ஸ் 65: நீளம் 65 சென்டிமீட்டர். பெட்டியில் வாங்கி, பொருத்தி, உடனே ஓட்டலாம். எல்லார் படகும் ஒரே மாதிரி இருப்பதால், ஜெயிப்பது பணமா திறமையா என்ற கேள்விக்கே இடமில்லை. புதியவர்கள் பலர் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

* ஃபூட்டி: சுமார் ஓர் அடி நீளமுள்ள சுண்டைக்காய் படகு. வீட்டிலேயே மரத்துண்டு, தெர்மாகோல், பிளாஸ்டிக் ஷீட் வைத்துச் செய்பவர்கள் உண்டு.

ரேடியோ இல்லாத காலத்தில் எப்படி ஓட்டினார்கள்? பாயையும் சுக்கானையும் கரையிலேயே சரியாக அமைத்து, படகைத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். பிறகு கரையோரமாகக் கூடவே ஓடுவார்கள். படகு கரையைத் தொட்டதும் கையிலோ கம்பாலோ திருப்பிவிடுவார்கள். லண்டன் கென்சிங்டன் பூங்காவின் வட்டக் குளத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பந்தயங்கள் பிரபலம்.

பந்தயம் எப்படி நடக்கும்?

குளத்தில் சில மிதவைகளைப் போட்டு ஒரு பாதை அமைப்பார்கள். முதல் கட்டம் வழக்கமாகக் காற்றுக்கு எதிராக. பிறகு மிதவையைச் சுற்றி, காற்றோடு திரும்பி வர வேண்டும். போட்டியாளர்கள் எல்லாரும் கரையில் குறிக்கப்பட்ட ஒரே பகுதிக்குள் நின்றபடி, நடந்தபடி ஓட்டுவார்கள்.

தொடக்கமே பரபரப்பாக இருக்கும். எச்சரிக்கை, தயார், புறப்பாடு என ஒரு நிமிட இடைவெளியில் மூன்று ஒலிகள். கடைசி ஒரு நிமிடத்தில் 10 விநாடிக்கு ஒருமுறை குரல் வரும். கடைசி 10 விநாடி ஒவ்வொன்றாக எண்ணப்படும். படகுக்கு பிரேக் கிடையாது. கோட்டுக்குப் பின்னால் மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்து, சரியாக பூஜ்யத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும். முந்திட்டா திரும்பி வந்து மறுபடி ஆரம்பிக்கணும்.

ஒரு பந்தயம் பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் ஒரே காலையில் பல பந்தயங்கள் நடத்தலாம். முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2 புள்ளி. கடைசியில் யாருக்குக் குறைவான புள்ளியோ அவரே வெற்றியாளர். சொதப்பிய ஒரு பந்தயத்தின் புள்ளியைக் கழித்துவிடும் சலுகையும் வழக்கமாக உண்டு.

விதிகள் யாருடையவை?

ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுகள் எந்த விதிப்புத்தகத்தின்படி ஓடுகின்றனவோ, இந்தக் குட்டிப் படகுகளும் அதே புத்தகத்தின்படிதான் ஓடுகின்றன. உலகப் பாய்மரக் கூட்டமைப்பான 'வேர்ல்டு செய்லிங்' வெளியிடும் விதிகளில், ரேடியோ படகுகளுக்கென 'இ' என்ற தனிப் பின்னிணைப்பே இருக்கிறது.

முக்கியமான சில விதிகள் இதோ:

* வலப்பக்கம் காற்று வாங்கி வரும் படகுக்கே முன்னுரிமை. இடப்பக்கம் காற்று வாங்கும் படகு விலகி வழிவிட வேண்டும்.
* இரண்டும் ஒரே பக்கம் காற்று வாங்கி அருகருகே போனால், காற்று வரும் பக்கத்தில் இருக்கும் படகு விலக வேண்டும்.
* முன்னால் போகும் படகைப் பின்னால் வருபவர் இடிக்கக் கூடாது.
* மிதவையைச் சுற்றி நான்கு படகு நீளத்துக்கு ஒரு வட்டம் கணக்கு. அதற்குள் உள்பக்கமாக நுழைந்தவருக்கு, திரும்ப இடம் கொடுத்தே ஆக வேண்டும்.
* மற்ற படகை எச்சரிக்கும்போது அதன் பாய் எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதுவும் 15 என்றால் 'பதினைந்து' எனச் சொல்லாமல், 'ஒன்று, ஐந்து' எனத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். காற்றுச் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிடக் கூடாது இல்லையா?

தவறு செய்துவிட்டால்? ஓட்டுபவரே ஒப்புக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி, படகை ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அதுதான் தண்டனை. கிளப் பந்தயங்களில் விசிலடிக்கும் நடுவரைத் தேட வேண்டாம். "தப்பு என்னுதுதான்"னு சொல்லிச் சுற்றும் நேர்மையில்தான் இந்த விளையாட்டே ஓடுகிறது.

குளிர்காலத்தில் ஏன்?

பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் பெரிய படகுகளைக் குளிர்காலத்தில் கரையேற்றிவிடுவார்கள். நடுங்கும் குளிரில் தண்ணீருக்குள் கவிழ்வது உயிருக்கே ஆபத்து. ரிமோட் படகில் அந்தப் பயம் இல்லை. ஸ்வெட்டர், கையுறை போட்டுக்கொண்டு கரையில் நின்றே ஓட்டலாம். 'ஃப்ராஸ்ட்பைட்' தொடர் என்ற பெயரில் வாராவாரம் பந்தயம் வைக்கும் கிளப்புகள் உண்டு.

இன்னொரு காரணம், கோடையில் குளத்தில் நீர்ப்பாசி மண்டிவிடும். படகின் அடித்தகட்டில் அது சிக்கினால் வேகம் போச்சு. குளிரில் பாசி அடங்கி தண்ணீர் தெளிவாகிறது. கவனிக்க வேண்டிய விஷயம் பேட்டரி. குளிரில் சீக்கிரம் சக்தி இழக்கும். நடுக்குளத்தில் பேட்டரி தீர்ந்தால், மீட்க ஒரு துடுப்புப் படகு தேவைப்படலாம்.

சென்னையில் கதை வேறு. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் பயம். அது ஓய்ந்த பிறகு, தை, மாசியில் வானம் தெளிகிறது. ஏரிகளில் தண்ணீர் இருக்கும். காலையில் நிலத்திலிருந்து மெல்லிய காற்று, வெயில் ஏறிய பிறகு கடல் பக்கமிருந்து காற்று. வெயிலும் கொல்லாது. கரையில் நின்று குட்டிப் படகு ஓட்ட, நம்ம ஊருக்கு இந்த இரண்டு மூன்று மாதம்தான் பொருத்தமான காலம்.

வடசென்னைக்கும் பாய்மரத்துக்கும் என்ன உறவு?

ரொம்பப் பழைய உறவு. ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்ற சொல்லே நம்ம 'கட்டுமரம்'தான். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை எனக் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்த மொழி நம்முடையது.

சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806இல் ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அது பிறகு நீண்டு, 1878இல் ஆளுநர் பெயரில் பக்கிங்காம் கால்வாய் ஆனது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் போய்வந்த நீர்வழி அது.

விளையாட்டு என்று பார்த்தால், சென்னைத் துறைமுகத்துக்குள் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கப்பட்டது. அப்போதைய துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கி வைத்த கிளப் இது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறது.

அந்தச் சங்கத்தின் கோடை முகாமில் சிறுமியாகச் சேர்ந்தவர்தான் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் இவர். டோக்கியோவில் 35ஆவது இடம், 2024 பாரிஸில் 21ஆவது இடம். சென்னை இளைஞர்கள் கே.சி.கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்று, டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார்கள். வேலூரைச் சேர்ந்த ராணுவ வீரர் விஷ்ணு சரவணன் பாரிஸில் 18ஆவது இடம் பிடித்தார்.

ஆக, திறமைக்கும் காற்றுக்கும் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை.

அப்போ வியாசர்பாடியில் எங்கே தடை?

இதைப் புரிந்துகொள்ள கேரம் போர்டைப் பாருங்கள். கேரம் உலக சாம்பியன் இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். கால்பந்திலும் வியாசர்பாடிக்குத் தனிப் பெயர் உண்டு.

ஏன் கேரமும் கால்பந்தும் இங்கே வேர் விட்டன? பலகை தெருமுனைக்கு வந்தது. பந்து மைதானத்துக்கு வந்தது. எட்டு வயசுப் பிள்ளை நடந்து போய்த் தொடும் தூரத்தில் இருந்தது.

பாய்மரம் அப்படி வரவில்லை. துறைமுகம் பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கும் பகுதி. படகு, லைஃப் ஜாக்கெட், பயிற்சியாளர், பாதுகாப்புப் படகு என ஒவ்வொன்றும் செலவு. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்க ஒரு குளம் வேண்டும்.

தண்ணீரைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் உதாரணம். அந்த மாநிலத்துக்குக் கடலே இல்லை. ஆனா, போபால் ஏரியில் அரசு பாய்மரப் பயிற்சி மையம் நடத்துகிறது. அங்கே பயிற்சி பெற்ற விவசாயி மகள் நேஹா தாக்கூர், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். ஹைதராபாத் ஹுசைன் சாகர் ஏரியிலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கிளப் பயிற்சி தருகிறது.

ரிமோட் படகால் ஒலிம்பிக் போய்விட முடியாது. இது ஒலிம்பிக் விளையாட்டும் கிடையாது. ஆனா, காற்றைப் படிப்பது, பாயை அமைப்பது, தொடக்கக் கோட்டில் நேரம் கணிப்பது, வழிவிடும் விதி என பாய்மர விளையாட்டின் மூளை வேலை முழுவதையும் கரையில் நின்றே கற்றுக்கொள்ளலாம். வயதானவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், நீச்சல் தெரியாதவர்கள் எல்லாரும் ஒரே பந்தயத்தில் சமமாகப் போட்டியிடலாம்.

ஆரம்பிக்க என்ன வேணும்?

* தண்ணீர்: ஒரு மீட்டர் படகின் அடித்தகடு 42 சென்டிமீட்டர் வரை ஆழம் போகும். அரை மீட்டருக்கு மேல் ஆழமுள்ள, மரமும் கட்டடமும் காற்றை மறைக்காத நீர்நிலை தேவை. ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் படகு ஓரடி கூட நகராது.
* அனுமதி: ஏரி, குளம் யார் பொறுப்பில் இருக்கிறதோ, அவர்களிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். துறைமுகம் பக்கம் சொந்த முயற்சி வேண்டவே வேண்டாம்.
* படகு: நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வகைப் படகு வாங்குவது நல்லது. ஆளுக்கொரு வகை வாங்கினால் பந்தயம் வைக்க முடியாது. செய்து பார்க்க விரும்பினால் ஓர் அடிப் படகில் தொடங்கலாம். சர்வோ, ரிசீவர் போன்ற பாகங்களுக்கு ரிச்சி தெருவில் ஒரு நடை போய் வரலாம்.
* பழக்கம்: படகு உங்களை நோக்கித் திரும்பி வரும்போது இடது வலது மாறிவிடும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். படகு போகும் திசைக்கே உங்கள் உடம்பையும் திருப்பி நின்று ஓட்டிப் பழகினால் சீக்கிரம் பிடிபடும்.
* பாதுகாப்பு: சிறுவர்கள் தனியாக நீர்நிலைக்குப் போகக் கூடாது. நின்றுபோன படகை எடுக்கத் தண்ணீரில் இறங்கக் கூடாது. காற்று பெரும்பாலும் அதைக் கரைக்குத் தள்ளிவரும். இடி மின்னல் என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். உப்புத் தண்ணீரில் ஓட்டினால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம்

வியாசர்பாடி வழியாக கேப்டன் காட்டன் கால்வாய் ஓடுகிறது. அது பக்கிங்காம் கால்வாயில் போய்ச் சேர்கிறது. ஒரு காலத்தில் படகு போன நீர்வழியோடு இணைந்த அந்தக் கால்வாயில் இன்று கழிவுநீரும் குப்பையும்தான் அதிகம். அதில் பொம்மைப் படகு விடுவதற்குக்கூட எந்தப் பெற்றோரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

ரிமோட் வாங்கலாம், சர்வோ வாங்கலாம். காத்து இலவசமாவே வருது. கடையில் வாங்க முடியாத ஒரே பொருள், பிள்ளைகள் தைரியமாகப் பக்கத்தில் போய் நிற்கக்கூடிய சுத்தமான தண்ணீர். வடசென்னையின் ஓர் ஏரியில் அது கிடைத்தால், கேரம் பலகை வந்த மாதிரி பாய்மரமும் தெருப் பிள்ளைகளின் கைக்கு வரும்.